அம்பலமேற வேண்டிய சொல்

புத்தளம் கரையோரத்தின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சேவைகளை வகுப்பதில் அவற்றைப் பெறுவோருக்கும் ஏன் பங்கு வேண்டும்?

கற்பிட்டிக் குடாநாட்டின் கண்டக்குளியிலோ பள்ளிவாசல்துறையிலோ இரவு கடலுக்குப் போன தொழிலாளி ஒருவர், விடிந்தபின் கரை சேர்ந்து, வலையிலிருந்து மீனைக் கழற்றி, விலை பேசிக் கொடுத்து, இயந்திரத்தை வாடியில் வைத்து, வலையின் கிழிசலையும் பொத்திவிட்டு வீடு திரும்பும்போது, அவருடைய இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதிப்பதற்கென்றே நடத்தப்படும் கிளினிக் பெரும்பாலும் அன்றைக்கு முடிந்திருக்கும். 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஆரம்பிக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களுக்குப் பெண்கள் வருமளவுக்கு ஆண்கள் வருவதில்லை என்பது சுகாதாரத் துறையினர் நன்கறிந்த விஷயம். ஆண்களுக்குத் தம் உடம்பிலே சிரத்தையில்லை என்று அதற்குக் காரணம் சொல்லிவிடுவது சுலபம். ஆயினும், கிளினிக்கின் நேரத்தை நிர்ணயிக்கும்போது கடற்றொழில் செய்பவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி விசாரித்தால், காரணம் வேறொன்றாகவும் பரிகாரம் மிக எளியதாகவும் தோன்றும்.

இந்தச் சிறிய உதாரணத்துக்குள் ஒரு பெரிய நியாயம் அடங்கியிருக்கிறது. வைத்தியமானாலும், முதியோர் பராமரிப்பானாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியானாலும், ஒரு சேவையைப் பெறுகிறவர்களிடம் அச்சேவையைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அறிவொன்று இருக்கிறது. அந்த அனுபவ அறிவையும் உத்தியோகத்தரின் சாஸ்திர அறிவையும் ஒரே மேசையில் வைத்து, இரு தரப்பாரும் கூடித் தீர்மானிப்பதையே இக்காலத்து நிர்வாகிகள் பங்காளித்துவம் என்று சொல்கிறார்கள். 1978 செப்டெம்பரில் அல்மா ஆட்டா நகரில் கூடிய சர்வதேச மகாநாடு, தமக்குரிய சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் தனித்தும் கூட்டாகவும் பங்குகொள்வது மக்களின் உரிமை மாத்திரமன்றி அவர்களின் கடமையுமாகும் என்று பிரகடனம் செய்து, இந்த நியாயத்துக்கு உலக அங்கீகாரத்தைத் தேடித் தந்தது.

இருக்கும் அமைப்புகள்

இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு பெருமைக்குரியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது தொட்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும், அவற்றின் கீழே வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்களும், செல்வம் குறைந்த இந்நாட்டிலே தாய்மாரின் மரணத்தையும் சிசு மரணத்தையும் பிறநாட்டார் வியக்கும்வண்ணம் குறைத்திருக்கிறார்கள். எனினும், இவ்வமைப்பிலே ஆணையும் ஆலோசனையும் தலைநகரிலிருந்து கிராமத்துக்கு இறங்கிவந்தனவேயன்றி, கிராமத்திலிருந்து தலைநகருக்கு ஏறிச் சென்றவை பெரும்பாலும் எண்ணிக்கைகளே. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் மனம் நொந்து சொன்ன பழமொழி, சேவை இலவசமாகிவிட்ட காரணத்தினாலேயே பொய்யாகிவிடாது.

அந்தச் சொல் அம்பலமேறச் சட்டங்கள் இடம் தருகின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபை நியமிக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே முதியோருக்கான தேசிய சபையும் செயலகமும் தோன்ற, கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களும் அவற்றுக்கு மேலே பிரதேச, மாவட்ட மட்டச் சங்கங்களும் எழுந்தன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே அறுபது வயதைத் தாண்டியவர்கள் நாட்டின் சனத்தொகையில் 12 வீதத்துக்கு மேற்பட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இச்சங்கங்களின் பொறுப்பு வருஷந்தோறும் கனத்துக்கொண்டே வருவது விளங்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 4ஆம் உறுப்புரையோ, அவர்களைப் பற்றிய தீர்மானங்களில் அவர்களுடைய அமைப்புகளோடு நெருங்கிக் கலந்தாலோசிப்பதை அரசாங்கத்தின் கடமையாகவே விதித்துவிட்டது. இவற்றோடு, குடும்பநல உத்தியோகத்தரின் துணையோடு இயங்கும் தாய்மார் ஆதரவுக் குழுக்களையும், வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களையும், 2018இல் உலக வங்கியின் நிதியுதவியோடு தொடங்கிய ஆரம்ப சுகாதாரத் திட்டத்தின் கீழ் சிறு வைத்தியசாலைகளுக்கென அமைந்த நண்பர்கள் குழுக்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

1990 கற்பித்த பாடம்

கூடி ஆலோசிக்கும் பழக்கத்தைப் புத்தளம் கரையோரம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வீடு வாசலிழந்த ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்தையே தஞ்சமடைந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களிலே வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களுக்கு இவ்வூர் மக்கள் தம் அடுப்பிலே சோறு சமைத்துப் போட்டார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களுக்கு இருப்பிடமாயின. ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் பாலாவியிலும் ஓலைக் கொட்டில்களாக எழுந்த முகாம்களில், நிவாரணம் வரும் நாளிலிருந்து நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது வரை, முகாம் தலைவர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் ஊராரோடு பேசித் தீர்த்த காரியங்கள் அநேகம்.

ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரே கிணற்றையும் ஒரே வகுப்பறையையும் ஒரே வைத்தியசாலைக் கட்டிலையும் இரு சனத்தொகைகள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தபோது, வந்தவர்களை நிவாரணப் பட்டியலில் ஓர் இலக்கமாகவும், இடங்கொடுத்தவர்களைக் கணக்கிலேயே வராதவர்களாகவும் நடத்திய திட்டங்கள் இரு சாராரிடையேயும் மனக்கசப்பை வளர்த்தன. 2007இல் உலக வங்கியின் 3 கோடி 20 இலட்சம் டொலர் நிதியோடு ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. ஒப்பந்தகாரர் கட்டிக் கொடுக்கும் வீட்டில் குடிபுகுவதற்குப் பதிலாக, தவணை தவணையாகப் பணத்தைப் பெற்று வீட்டுக்குரியவரே முன்னின்று தம் வீட்டைக் கட்டும் முறையை அது கைக்கொண்டது. வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல், குசினி உள்ளேயா வெளியேயா என்பதைத் தீர்மானிக்கும் யோக்கியதை அதில் வாழப்போகிறவருக்கு உண்டென்று ஒப்புக்கொண்டபின், அவர் போகும் கிளினிக்கைப் பற்றித் தீர்மானிக்கும் யோக்கியதை அவருக்கில்லையென்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

சம்பிரதாயமாகிவிடும் கூட்டங்கள்

கூட்டம் நடந்தது என்பதனால் மாத்திரம் பங்காளித்துவம் நடந்துவிட்டதாக ஆகாது. 1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க அறிஞர், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளுள்ள ஓர் ஏணியாக வகுத்துக் காட்டினார். மக்களை இசையவைப்பதற்காகவே கூட்டும் கூட்டம் அதன் அடிப்படியிலும், தகவல் கொடுப்பதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகளிலும், பங்காளித்துவமும் அதற்கு மேற்பட்ட அதிகாரப் பகிர்வும் உயர்ந்த படிகளிலும் நிற்கின்றன. நம் கூட்டங்கள் பல நடுப்படியோடு நின்றுவிடுகின்றன. வேலை நாளில் முற்பகல் பத்து மணிக்குப் பிரதேச செயலகத்தில் கூட்டம். கரைவலை இழுப்பவர் அன்றைய பங்கை இழந்து, பஸ்ஸுக்குக் கைக்காசு கொடுத்து வருகிறார். பேச்சு சிங்களத்திலே நடக்க, உடப்பிலிருந்து வந்த தாயாருக்குப் பக்கத்திலிருப்பவர் காதோடு காதாகச் சுருக்கிச் சொல்கிறார். அறிக்கை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வரவுப் பதிவில் ஒரு கையொப்பம், ஒரு கோப்பை தேநீர், அதன்பின் மௌனம். சொன்னது என்னவாயிற்று என்று தெரியாதவர் அடுத்த கூட்டத்துக்கு வராதது அவருடைய அசிரத்தையன்று. அது அவருடைய விவேகம்.

பத்தலங்குண்டு, உச்சமுனை போன்ற தீவுகளிலிருந்து ஒரு கர்ப்பிணி கிளினிக்குக்கு வரப் படகு வேண்டும். படகு புறப்படக் கடல் இடங்கொடுக்க வேண்டும். சோளகம் பலத்து வீசும் மாதங்களில் எந்த வாரம் கடல் ஓயும், எந்தத் துறையில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும் என்பவற்றை அந்தக் கரையில் வாழும் பெண்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. கிளினிக் நாளட்டவணையைத் தயாரிக்கும்போது அவர்களில் இருவர் உடனிருப்பது ஓர் உபசாரமன்று. அட்டவணை சரியாக அமைவதற்கு அதுவே வழி.

கேரளத்தின் சாட்சியம்

இத்தகைய பங்காளித்துவம் நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் என்று எண்ணுவோர் கேரளத்தைப் பார்க்கலாம். 1993இல் கோழிக்கோட்டிலே மருத்துவர் சிலர் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கம், தீராத நோயாளிகளிற் பெரும்பாலோர் வைத்தியசாலைக்கு வர இயலாமல் வீட்டிலேயே வாடுவதைக் கண்டு, அவர்களின் அயலவரையே பயிற்றும் மார்க்கத்தை மேற்கொண்டது. புத்தளத்தைப் போலவே கடலும் பள்ளிவாசலும் மீன்பிடித் துறைகளும் நிறைந்த மலப்புறம் மாவட்டத்திலே, சாதாரண மக்கள் சிறு நன்கொடைகளைத் திரட்டி, தாதியரை அமர்த்தி, நோயாளியின் வலியோடு அவர் வீட்டின் அரிசிக் குறையையும் பிள்ளையின் படிப்பையும் சேர்த்தே கவனிக்கும் அமைப்புகளை ஊர்தோறும் வளர்த்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்து, உள்ளூராட்சி மன்றங்களிடமும் பொறுப்பை ஒப்படைத்தது. மருத்துவரின் அதிகாரம் இதனால் குறைந்துவிடவில்லை. மருந்தை அவரே விதித்தார், பராமரிப்பை ஊரார் வகுத்தார்கள்.

இங்கே செய்யத்தக்கவை

நம் கரையோரத்திலே புதிய ஸ்தாபனம் எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. முதியோர் சங்கமும், மீனவர் கூட்டுறவுச் சங்கமும், மாதர் சங்கமும், பள்ளிவாசல் நிர்வாக சபையும், கோயில், ஆலய சபைகளும், மரண உதவிச் சங்கமும் முன்னரே இருக்கின்றன. அவை தாமே தெரிந்தனுப்பும் பிரதிநிதிகளுக்கு வைத்தியசாலைக் குழுவிலும் பிரதேச சபைக் குழுவிலும் ஆசனம் வேண்டும்; அவர்களுள் பெண்களும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களைப் பராமரிப்போரும் இருக்க வேண்டும். கூட்டம் தொழில் முடிந்த நேரத்தில், ஊரிலேயே நடக்க வேண்டும். போக்குவரத்துச் செலவு கொடுக்கப்பட வேண்டும். தமிழும் சிங்களமும் ஒருங்கே ஒலிக்க வேண்டும். தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பே அளித்திருக்கையில், இதைச் சலுகையாகக் கருதுதல் தகாது. கேட்டது கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணம் எழுத்திலே வர வேண்டும். அது வராதபோது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறும் வழியும் உண்டு.

பொதுமக்கள் முடியாததையெல்லாம் கேட்பார்கள் என்ற அச்சம் உத்தியோகத்தர் சிலரிடம் உண்டு. பணம் எவ்வளவு, ஆளணி எவ்வளவு என்ற உண்மையை மறைக்காமல் முன்வைத்தால், அளந்து செலவு செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் அளந்தே கேட்பார்கள். வடமேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தபின் புதிய சபை தெரிவு செய்யப்படாதிருக்க, சுகாதாரத்தைப் பற்றி மாகாண மட்டத்தில் மக்கள் பேசுவதற்கிருந்த மன்றமும் வெறுமையாகிவிட்டது. ஆதலால், கையெட்டும் தூரத்திலிருக்கும் இச்சிறு குழுக்களின் முக்கியத்துவம் முன்னெப்போதிலும் பெரிது. ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலும் முதலாவது விடயமாக, சென்ற கூட்டத்தில் சேவை பெறுநர் சொன்னவை என்னவாயின என்பதை வைத்து, அதற்குப் பதில் சொல்லிய பின்னரே அடுத்த விடயத்துக்குப் போவதென்று கற்பிட்டியிலும் முந்தலிலும் சிலாபத்திலும் ஒரு விதியை எழுதிக்கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம்.