மாதம் தவறாமல் வரும் வலி

விருதுநகர் மாவட்டத் திருச்சுழிப் பக்கம் பெண்பிள்ளையின் அடிவயிற்று வலிக்கு வரிசையாக வைத்தியம் உண்டு. முதலில் மோரில் வெந்தயம். இது கந்தக பூமி, எல்லா வலியும் உடம்புச் சூடுதான் என்பது இங்குள்ள நினைப்பு. அடங்காவிட்டால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. அதற்கும் மசியாவிட்டால் கல்யாணம், 'ஒரு பிள்ளை பெத்தா சரியாப் போயிரும்' என்ற உத்தரவாதத்தோடு. பெற்றும் போகாத வலிக்கு, நாற்பது வயதை ஒட்டி, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. இருபத்தைந்து ஆண்டு நீளும் இந்த வரிசையில், இது என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வலிகளில் ஒரு பங்குக்குக் காரணம் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உட்படலத்தை ஒத்த திசு அதற்கு வெளியே வளர்வதுதான் நோய். சினைப்பையில், கருக்குழாயில், கர்ப்பப்பைக்குப் பின்புறம் வளரும்; குடல் மேலும் மூத்திரப்பை மேலும்கூடப் படரும். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்கிக் கசியும். கசிந்தது வெளியேற வழியில்லை. சுற்றுப்புறம் புண்ணாகித் தழும்பேறி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் அதைச் சாக்லேட் கட்டி என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. அறிகுறி தொடங்கி நோய் உறுதியாக 4 முதல் 12 ஆண்டு வரை தாமதமாகிறது என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது. 14 வயதில் தொடங்கிய வலி 26 வயதில் புரிந்தால், இந்த ஊர்க் கணக்கில் அதற்குள் கல்யாணம் முடிந்து, 'இன்னும் விசேஷம் இல்லையா' என்ற கேள்வியும் வந்து சேர்ந்திருக்கும். இந்த நோய் குழந்தைப்பேற்றையும் தடுக்கக்கூடியது.

ஏன் வருகிறது என்பதற்கு முழு விடை இல்லை. மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் என்று ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் விளக்கினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் போகத்தான் செய்கிறது, நோய் வருவதோ சிலருக்கு. தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்தால் வாய்ப்புக் கூடும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடையாளம் காண வலியின் அளவைவிட அதன் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். மாதவிலக்குக்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, பள்ளிக்கோ மில் ஷிப்டுக்கோ மிளகாய்ப் பழம் எடுக்கவோ போகவிடாமல் படுக்கவைக்கும் வலி சாதாரண வலி அல்ல. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர்போகும் வலி, மூத்திரம் போகையில் கடுப்பு, வயிறு உப்புசம், இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் குடைச்சல், எழவே முடியாத அசதி ஆகியவையும் சேரும். தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலிப்பது மிக முக்கியமான அறிகுறி. கேட்காமல் எந்தப் பெண்ணும் அதைச் சொல்வதில்லை. அவசரத்தில் இருக்கும் டாக்டர் கேட்பதுமில்லை. விளைவு, வயிற்றுப் புண், மூத்திரக் கிருமி, அப்பெண்டிக்ஸ் என்று சீட்டு மாறிக்கொண்டே போகும்.

சிசேரியன் ஆனவர்கள் கவனிக்க வேண்டியது தனியாக ஒன்று உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைப் பிரசவம். அந்தத் தழும்பிலேயே இந்தத் திசு ஒட்டி வளர்வது உண்டு. அபூர்வம்தான், ஆனால் அடையாளம் தெளிவு: தழும்பை ஒட்டி ஒரு கட்டி, மாதவிலக்கு வந்தால் பெருத்து வலிக்கும், முடிந்தால் அடங்கும். தையல் சீழ் என்றோ குடலிறக்கம் என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள்.

மாத்திரைக்கு வருவோம். மாதவிலக்கு வலிக்கு இங்கே அதிகம் விற்பது மெஃபனாமிக் அமிலம் கலந்தவை. ஒவ்வாமை தீவிரமாகி உள்ளுறுப்புகளைப் பாதிக்கும் வாய்ப்பு அதற்கு உண்டு என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. அது அரிது. அன்றாட ஆபத்து வேறு. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரைப்பை புண்ணாகிக் கசியும். இந்த மாநிலப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏற்கெனவே ரத்தசோகை; அந்தக் கசிவு அதைக் கூட்டும். வெயிலில் நூறு நாள் வேலையிலோ கரிமூட்டத்திலோ தண்ணீர் வற்றிய உடம்போடு தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் அடிவாங்கும். டாக்டர் சொல்லி, சாப்பிட்டுவிட்டு, அளவோடு எடுப்பதில் தப்பில்லை. மாதாமாதம் மாத்திரையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதுதான் அபாயக்குறி.

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்த சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்கு, பெயர்ச்சீட்டே இல்லாத மாத்திரைகளை வேலையிடத்தில் கொடுத்ததாக அத்தனை பேரும் சொன்னார்கள். வேலை நிற்கக்கூடாது என்பதுதான் அந்த வைத்தியத்தின் நோக்கம். நூற்பாலைகளும் நெசவும் சோறு போடும் அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

பள்ளிகளில் அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் சுத்தம் பற்றிச் சொல்லும் அளவுக்கு வலி பற்றி யாரும் சொல்வதில்லை. ஒரே மாணவி மாதம் இரண்டு மூன்று நாள் வராமல் போவது வருகைப் பதிவேட்டில் அப்பட்டமாகத் தெரியும். டீச்சர் ஒருவர் புரட்டிப் பார்த்தால் போதும்.

வீட்டில் செய்யக்கூடியது, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே இதையும் எழுதுவது. எந்தத் தேதியில் வலி, எத்தனை நாள் படுக்கை, எத்தனை மாத்திரை, மலம் மூத்திரத்தில் வலி உண்டா. மூன்று மாதத்துத் தாளைக் கிழித்து எடுத்துப் போனால், 'எப்பவும் வலிக்குது டாக்டர்' என்ற ஒற்றை வரியைவிட அது அதிகம் பேசும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் நோயே இல்லை என்று ஆகாது. சாக்லேட் கட்டி தெரியும், மெல்லிய படலம் தெரியாது. வயிற்றில் துளையிட்டுப் பார்த்தால்தான் வைத்தியம் தொடங்க முடியும் என்ற பழைய விதியை 2022-ல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவக் கழகம் தளர்த்திவிட்டது. அறிகுறியை வைத்தே மருந்து தொடங்கலாம்.

அந்த மருந்து பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரை. டயனோஜெஸ்ட், அல்லது கருத்தடைக்குக் கொடுக்கும் அதே மாத்திரை. இங்கேதான் பல வீடுகளில் சிக்கல். கல்யாணமாகாத பெண்ணின் பையில் அந்த அட்டையைப் பார்த்தால் அம்மா பதறுவாள். அது நோயை அடக்கிவைக்கும் மருந்து, பிள்ளை பெறும் திறனை அழிப்பதில்லை, நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பும் என்பதை டாக்டர் அம்மாவிடமும் சொல்லியாக வேண்டும். நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. கல்யாணமும் மருந்தில்லை, கர்ப்பகாலத்தில் வலி அடங்கியவர்களுக்குப் பிறகு திரும்புவது வழக்கம்.

திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே காய்ச்சலோ மயக்கமோ, அல்லது நாள் தள்ளிப்போன நிலையில் வலி என்றால் காலண்டருக்குக் காத்திருக்கக் கூடாது. கட்டி உடைந்திருக்கலாம், சினைப்பை முறுக்கியிருக்கலாம், கரு குழாயில் தங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கர்ப்பப்பையை எடுப்பது சிலருக்குத் தேவைப்படும். ஆனால் திசு வெளியே மிஞ்சினால் வலியும் மிஞ்சும். சினைப்பையையும் சேர்த்து இளவயதில் எடுத்தால் எலும்பும் இதயமும் பலவீனமாகும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-ல் வெளியே வந்தது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளைச் செயல்படுத்துமாறு 2023-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: மருந்தை முயன்று பார்த்தாயிற்றா, கட்டியை மட்டும் துளை வழியே லேப்ராஸ்கோப்பியில் எடுக்க முடியுமா, சினைப்பை இருக்குமா, எடுத்த திசு பயாப்சிக்குப் போகுமா? விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவதற்கு, அவசரம் இல்லாத அறுவையில், நேரம் இருக்கவே செய்யும்.