பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுக்கலாமா?

ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, சொந்தக்காரர் யாராவது ஒருத்தர் போன் பண்ணி இந்தக் கேள்வியைக் கேட்பார். "பாப்பாவுக்கு பிளஸ் ஒன்ல லாங்குவேஜ் என்ன எடுக்கிறது, தமிழா பிரெஞ்சா?" பதிலையும் அவரே சொல்லிவிடுவார்: "பிரெஞ்சுல மார்க் அள்ளலாமாமே!"

நான் மொழி ஆசிரியர் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். பிளஸ் டூவில் தமிழ்தான் எடுத்தேன். முப்பது வயதுக்கு மேல் வேலைக்காக ஜெர்மனும், அதன் ருசியில் கொஞ்சம் பிரெஞ்சும் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நம் பிள்ளைகள் தமிழை விட்டுவிட்டுத்தான் இந்த மொழிகளை எடுக்கிறார்கள். ஆனால் இவை உள்ளே போவதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல ஏணி தமிழ்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மார்க் கணக்கு

முதலில் பின்னணி. தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அந்தச் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறியது. பிளஸ் ஒன்னுக்கு வந்தால் கட்டாயம் இல்லை. முதல் மொழியாகத் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று பள்ளியில் ஆசிரியர் இருப்பதைப் பொறுத்து எடுக்கலாம். நகரத்துத் தனியார் பள்ளிகளில் பிரெஞ்சுக்குக் கூட்டம் அதிகம்.

எங்கள் காலத்தில் மொத்தம் 1200 மார்க். மாநில ரேங்க் அறிவிக்கும்போது தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களுக்குத் தனிப் பட்டியல், மற்ற மொழி எடுத்தவர்களுக்குத் தனிப் பட்டியல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று அரசுக்கே தெரிந்திருந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். 2017-ல் ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

பிரெஞ்சில் ஏன் மார்க் வருகிறது? பிரெஞ்சு எளிது என்பதால் இல்லை. இரண்டு வினாத்தாளும் இரண்டு வேறு விஷயங்களை அளக்கின்றன. தமிழ்த் தாள், பன்னிரண்டு வருஷம் அந்த மொழியில் படித்தவரிடம் கேட்கிற தாள். செய்யுள், மனப்பாடப் பகுதி, துணைப்பாடம், யாப்பு, அணி எல்லாம் உண்டு. பிரெஞ்சுத் தாள் தொடக்கநிலை மாணவரிடம் கேட்கிற தாள். வினைச்சொல்லை மாற்றி எழுது, பத்தியைப் படித்துப் பதில் சொல், ஒரு கடிதம் எழுது. நீச்சல் குளத்தில் ஒருவரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், இன்னொருவரைக் கடலிலும் நீந்தச் சொல்லிவிட்டு, இருவருக்கும் நூற்றுக்கு மார்க் போடுவது மாதிரி.

இதில் இன்னொரு வேடிக்கை. இன்ஜினீயரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேராது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும்தான். நீட் தேர்விலும் மொழிக்கு வேலை இல்லை. அப்புறம் ஏன் பிரெஞ்சு? "தமிழுக்குப் படிக்கிற நேரத்தை மேத்ஸுக்குப் போடலாம்" என்பதுதான் நிஜமான காரணம். நியாயமான காரணம்கூட. ஆனால் அது நேர மிச்சம். பிரெஞ்சு படிப்பது என்பது வேறு.

350 பீரியட் எங்கே போகிறது?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 5 பீரியட், வருஷத்துக்கு 35 வாரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வருஷத்தில் 350 பீரியட். ரிவிஷன், டெஸ்ட், விடுமுறை எல்லாம் கழித்தால் குறையும். இது மேல்கணக்குதான்.

ஐரோப்பாவில் மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாக அளக்கிறார்கள். பி1 என்றால் பயணம், வேலை, அன்றாடப் பேச்சு இவற்றைத் தடுமாறியாவது சொந்தக் காலில் சமாளிக்கும் நிலை. ஜெர்மன் மொழிக்கு பி1 எட்டுவதற்கு 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவை என்று கதே இன்ஸ்டிட்யூட் சொல்கிறது. பிரெஞ்சுக்கும் ஏறக்குறைய அதே உழைப்புதான்.

அதாவது பள்ளியில் நாம் செலவழிக்கிற நேரம் ஒன்றும் அற்பமில்லை. பி1-ன் வாசல்படி வரைக்கும் போகக்கூடிய நேரம். ஆனால் பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளையிடம் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து வழி கேட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

தேர்வு எதை அளக்கிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும். பிரான்ஸ் அரசின் டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மார்க். பாஸ் மார்க் 50. எந்த ஒரு பகுதியிலும் 5-க்குக் கீழே போனால் மொத்தத்திலும் பெயில். அதனால் வாயைத் திறக்காமல் அங்கே தப்பிக்க முடியாது. நம் பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. வாயைத் திறக்காமலே சென்டம் வாங்கலாம்.

காதுக்குக் கேட்காத எழுத்து

எழுத்துத் தேர்வு மட்டும் என்பது எந்த மொழிக்கும் குறைதான். பிரெஞ்சுக்கு அது இரட்டைக் குறை. காரணம் அந்த மொழியின் அமைப்பில் இருக்கிறது.

'பேசு' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். நான் பேசுகிறேன்: ஜு பார்ல். நீ பேசுகிறாய்: த்யு பார்ல். அவன் பேசுகிறான்: ஈல் பார்ல். அவர்கள் பேசுகிறார்கள்: ஈல் பார்ல். நான்குக்கும் உச்சரிப்பு ஒன்றே. எழுதும்போது மட்டும் 'நீ'க்குக் கடைசியில் ஒரு எஸ் வரும், 'அவர்கள்'-க்கு என், டி என்று இரண்டு எழுத்து கூடும். எதுவும் ஒலிக்காது. 'நாம்', 'நீங்கள்' இரண்டுக்கும்தான் வேறு ஒலி. ஆக எழுத்தில் ஐந்து வடிவம், காதில் மூன்றுதான்.

நம் பிள்ளைகள் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுவது பெரும்பாலும் இந்த ஒலிக்காத வால்களைத்தான். கண்ணால் மட்டும் பிரெஞ்சு படித்தவருக்குக் காதால் கேட்கும் பிரெஞ்சு வேறொரு மொழியாகத் தெரிவது இதனால்தான். ஜெர்மனில் இந்தப் பிரச்சினை குறைவு. எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே வாசிக்கலாம்.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

பள்ளிகளில் இந்த மொழிகளை ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கில வாக்கியம், அதற்குப் பிரெஞ்சு வாக்கியம். இதனால் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பல விஷயங்கள் மறைந்துபோகின்றன. சில உதாரணங்கள்:

1. மரியாதை. பிரெஞ்சில் 'த்யு', 'வூ' என்று இரண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு யாரிடம் எதைச் சொல்வது என்பதே பெரிய பாடம். நமக்கு அது நீ, நீங்கள். ஒருமைக்குப் பன்மையைப் போட்டு மரியாதை காட்டும் உத்தி உட்பட எல்லாம் ஒன்றே. ஜெர்மனில் 'டு', 'ஸீ'. 'அவர்கள்' என்பதற்கும் 'ஸீ'தான். நாம் ஒரே ஒருத்தரை 'அவங்க' என்று சொல்வதில்லையா?

2. நான்காம் வேற்றுமை. "எனக்குக் குளிருது" என்பதை ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குக் கொண்டுபோனால் "இஷ் பின் கால்ட்" என்று வரும். அதற்கு 'நான் ஈரமில்லாத மனசுக்காரன்' என்கிற மாதிரி அர்த்தம் வந்துவிடும். சரியான வாக்கியம் "மிர் இஸ்ட் கால்ட்". 'மிர்' என்றால் 'எனக்கு'. நேரடித் தமிழ்! "எனக்குப் பிடிச்சிருக்கு" என்பது "டாஸ் கெஃபெல்ட் மிர்". பிரெஞ்சில் "ஸ மு ப்லே". இரண்டிலும் 'எனக்கு' உட்கார்ந்திருக்கிறது.

3. வேற்றுமை உருபு. ஜெர்மன் படிக்கிறவர்கள் நடுங்குகிற இடம் இது. "குழந்தைக்கு ஆப்பிளைக் கொடுக்கிறேன்" என்பது "இஷ் கேப டெம் கின்ட் டென் அப்ஃபெல்". நம் 'கு' செய்யும் வேலையை 'டெம்' செய்கிறது, நம் 'ஐ' செய்யும் வேலையை 'டென்' செய்கிறது. நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். அவர்களுக்கு வேற்றுமை நான்கு. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ எட்டு வேற்றுமையை ஒப்பித்த பிள்ளைக்கு இது என்ன பெரிய விஷயம்? உருபு தெளிவாக இருப்பதால், ஆப்பிளை முன்னால் கொண்டுவந்து "டென் அப்ஃபெல் கேப இஷ் டெம் கின்ட்" என்றும் சொல்லலாம். நாமும் அப்படித்தானே மாற்றிப் பேசுகிறோம்.

4. கடைசியில் வரும் வினை. "அவர் நாளைக்கு வர்றார்னு எனக்குத் தெரியும்" என்பது "இஷ் வைஸ், டாஸ் எர் மோர்கன் கொம்ட்". உள்வாக்கியத்தில் 'அவர், நாளைக்கு, வருகிறார்' என்று தமிழ் வரிசையே வருகிறது. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் வினையைத் தேடி வாக்கியத்தின் கடைசி வரை தவிப்பார்கள். நாம் பிறந்ததிலிருந்து அங்கேதான் காத்திருக்கிறோம்.

5. மூக்கொலி. 'போன்ஜூர்' என்பதில் 'போன்' என்று நாக்கை அழுத்தி 'ன்' சொல்லக்கூடாது, உயிரொலி மூக்கு வழியாக வர வேண்டும். கஷ்டம் என்பார்கள். "மரம்" என்று பேச்சுவழக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? "நான் வந்தேன்" என்று வேகமாகச் சொல்லும்போது அந்த 'ன்' எங்கே போகிறது? மூக்குக்குத்தான். அந்த ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. பிரெஞ்சின் 't', ஆங்கிலத்தின் 'ட' மாதிரி இல்லாமல் நம் 'த' மாதிரி பல்லைத் தொட்டு வருவதும் நமக்கு லாபம்.

தமிழ் உதவாத இடமும் உண்டு

பால் பிரிப்பு. நமக்கு அர்த்தம்தான் பாலைச் சொல்லும். மேசை அஃறிணை, அவ்வளவுதான். பிரெஞ்சில் மேசை பெண்பால் (லா தாப்ல்), ஜெர்மனில் ஆண்பால் (டேர் டிஷ்). சூரியன் பிரெஞ்சில் ஆண், ஜெர்மனில் பெண். நிலா அப்படியே தலைகீழ். இதற்கு எந்த ஏணியும் கிடையாது, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் பண்ண வேண்டியதுதான். 'குழந்தை' மட்டும் ஜெர்மனில் 'டாஸ் கின்ட்', அதாவது அஃறிணை மாதிரியான மூன்றாவது பால். "குழந்தை அழுகிறது" என்று சொல்கிற நமக்கு அதில் ஆச்சரியமில்லை.

பிரெஞ்சு 'த்யு'வில் வரும் உயிரொலியும் நம்மிடம் இல்லை. உதட்டை 'ஊ' மாதிரி குவித்துக்கொண்டு உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். ஜெர்மனிலும் அதே ஒலி இருக்கிறது. ஒரு மொழியில் பழகினால் இன்னொன்றுக்கும் ஆகும்.

எண்கள் இன்னொரு தலைவலி. பிரெஞ்சில் 70 என்பது 'அறுபது-பத்து', 80 என்பது 'நான்கு இருபது', 90 என்பது 'நான்கு இருபது பத்து'. ஜெர்மனில் 21 என்பது 'ஒன்றும் இருபதும்'. போன் நம்பர் எழுதும்போது கை குழம்பும். ஆனால் 'ஒன்பது' இருக்கும்போது 90-ஐ 'தொண்ணூறு' என்று நூறோடு சேர்த்துச் சொல்லும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

பிரெஞ்சா, ஜெர்மனா?

பள்ளியில் பெரும்பாலும் இந்தத் தேர்வு நம் கையில் இல்லை. ஆசிரியர் யார் கிடைக்கிறார்களோ அந்த மொழி. அதற்குப் பெரிய உதாரணம் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள். 2011-ல் கதே இன்ஸ்டிட்யூட்டோடு ஒப்பந்தம் போட்டு, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஜெர்மனை மூன்றாவது மொழியாக வைத்தார்கள். 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், அது மும்மொழிக் கொள்கைக்குப் பொருந்தாது என்று நிறுத்தி சமஸ்கிருதம் கொண்டுவந்தார்கள். சுமார் 70,000 மாணவர்கள் நடுவழியில் மொழி மாற வேண்டிய நிலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே மாதம் பிரிஸ்பேனில் நடந்த ஜி-20 மாநாட்டில் ஜெர்மனி சான்சலர் மெர்க்கெல் நம் பிரதமரிடமே இதைப் பற்றிப் பேசினார். அங்கே கொள்கைச் சண்டை, இங்கே மார்க் கணக்கு. இரண்டிலும் பிள்ளைக்கு மொழி வந்ததா என்பது கடைசிக் கேள்வியாகிவிட்டது.

தேர்வு உங்கள் கையில் இருந்தால், எதற்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கின்றன. செவிலியர் வேலைக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். பிரெஞ்சு பிரான்ஸோடு நிற்பதில்லை. கனடாவின் கியூபெக், மேற்கு ஆப்பிரிக்கா, பக்கத்தில் புதுச்சேரி என்று விரியும். புதுச்சேரியின் பிரெஞ்சு லிசே 1826-லிருந்து நடக்கிற பள்ளி.

அப்போ என்ன செய்யலாம்?

மார்க்குக்காக எடுக்கிறீர்களா? தாராளமாக எடுங்கள். அதை அப்படியே ஒப்புக்கொண்டால் போதும். "பிள்ளை பிரெஞ்சு படிக்கிறாள்" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். செலவழிக்கிற நேரத்துக்கு மொழியும் வர வேண்டுமென்றால் நான்கு காரியங்கள்:

ஒன்று, தினமும் பதினைந்து நிமிடம் காதால் கேட்பது. பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் செய்தி தருகிறது. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல நிதானமாக வாசிக்கும் செய்தி தருகிறது. இரண்டும் இலவசம்.

இரண்டு, பாட வாக்கியங்களை ஆங்கிலத்திலிருந்து மாற்றாமல், பேச்சுத் தமிழிலிருந்து மாற்றிப் பார்ப்பது. 'எனக்கு', 'நீங்க', '-னு' வருகிற இடங்களில் எவ்வளவு எளிதாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்று, பிளஸ் டூ முடிந்த லீவில் டெல்ஃப் அல்லது கதே தேர்வில் ஏ2 எழுதுவது. சென்னை நுங்கம்பாக்கத்திலேயே அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் இரண்டும் இருக்கின்றன. மொழி வந்ததா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

நான்காவது, எனக்கு முக்கியமாகப் படுவது. தமிழ் டைம்டேபிளிலிருந்து போனாலும் வீட்டிலிருந்து போக வேண்டாம். பதினைந்து வயதில் தமிழ் வாசிப்பதை நிறுத்தும் பிள்ளை பெரும்பாலும் பிறகு தொடங்குவதே இல்லை. வாரத்துக்கு ஒரு கதை, ஒரு கட்டுரை, எதுவாக இருந்தாலும் சரி. வேற்றுமை என்றால் என்ன, வினை எங்கே நிற்கும், யாரை எப்படி அழைப்பது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது தமிழில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மொழி வேண்டுமானாலும் ஏறட்டும்.