தட்டணு குறைவு: சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் நோயாளிக்கும் பங்கு உண்டு

2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவி உயிர்களைப் பறித்த பிறகு, தென் மாவட்டங்களில் பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணு என்றாலே ஒரு பயம் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்த எண் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் போதும், பப்பாளி இலைச் சாறு தேடி வீட்டில் ஒருவர் ஓடுவார். தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவமனையில் வாக்குவாதம் நடக்கும். டெங்குவில் இறங்கிய தட்டணு, காய்ச்சல் தணிந்த சில நாட்களில் பெரும்பாலும் தானே ஏறிவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏறாமலே நிற்கும் வேறொரு நோயும் உண்டு. மருத்துவர்கள் அதை ஐ.டி.பி. என்பார்கள். டெங்கு பழக்கிவிட்ட அவசரத்தை இந்த நோய்க்கும் காட்டினால், தேவையில்லாத மருந்து உடம்புக்குள் போகும்; கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போகும். எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய அந்த எண் மட்டும் போதாது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் பூமியில் ஒருவர் எங்கே குடியிருக்கிறார், என்ன வேலை செய்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்பதெல்லாம்கூட மருத்துவக் காரணங்கள்தான்.

நோயின் கதை எளியது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அந்நியம் என்று தவறாக நினைத்து அடையாளம் குத்திவிடுகிறது. மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழிக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வில்லியம் ஹாரிங்டன் என்ற மருத்துவர், நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, தன் தட்டணுக்கள் சில மணி நேரத்தில் சரிந்ததைக் காட்டினார். பழி ரத்தத்தில் சுற்றும் ஒரு பொருள்மீது விழுந்தது அப்போதுதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கி, வேறு காரணமும் இல்லையென்றால் ஐ.டி.பி.; 12 மாதம் தாண்டினால் நாள்பட்டது. வேறு காரணம் இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் இதில் பெரிய வேலை. பரிசோதனைக் குழாயிலுள்ள ரசாயனத்தால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணும் இயந்திரம் குறைவாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பரப்பி நுண்ணோக்கியில் ஒருவர் கண்ணால் பார்த்தாரா என்பதே முதல் கேள்வி. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சாப்பிட்டுவரும் மாத்திரைகள் ஆகியவற்றையும் விலக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

நோய் உறுதியானாலும் உடனே மருந்து என்பது விதியல்ல. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்குத் தட்டணு 30,000க்கு மேல் இருந்து, ரத்தக்கசிவு இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருந்தால் கண்காணித்தால் போதும் என்கிறது. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானே சரியாகிவிடும். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அந்தப் பயம் வீண் அல்ல. பெரியவர்களில் நூற்றில் ஓரிருவருக்கு அது நேர்கிறது. ஆனால் பெரும்பாலும் எண்ணிக்கை 20,000க்கும் கீழே போனவர்களிடம், முதியவர்களிடம், முன்பே கசிவு இருந்தவர்களிடம்தான் அது நேர்கிறது. கண்காணிப்பது என்றால் கைவிடுவது அல்ல: குறித்த நாளில் பரிசோதனை, உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தொடாதிருப்பது, மருத்துவரின் அனுமதியில்லாமல் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளாதிருப்பது எல்லாம் அதில் அடக்கம். தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்கக் குனிந்திருந்துவிட்டு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரும் பிழை. மாதவிலக்கில் ரத்தப்போக்கு மிகுந்தால், தட்டணு 30,000க்கு மேல் இருந்தாலும், அதற்குத் தனியாக மருந்து கேட்க வேண்டும்.

மருந்து வேண்டும் என்றானால் முதலில் வருவது ஸ்டீராய்டு. மலிவு, வேகமாக வேலை செய்யும், அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். அந்த மலிவிலேதான் ஆபத்தும் இருக்கிறது. அதே அமெரிக்க வழிகாட்டுதல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஆறு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்கிறது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், உள்ளே உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும். தட்டணு ஏறுகிறதே என்று இந்தச் சேதத்தைப் பார்க்காமலிருப்பது வைத்தியம் ஆகாது.

ஸ்டீராய்டை விட்டதும் எண்ணிக்கை மறுபடி இறங்கினால் அடுத்த கட்டம். உண்மையான தேர்வு இங்கேதான். மண்ணீரலை அகற்றுவது 1916 முதல் இருக்கும் வழி. மூன்றில் இருவருக்கு நீடித்த பலன் தருகிறது. தானே குணமாக வாய்ப்புத் தருவதற்காக ஓராண்டாவது பொறுக்கச் சொல்வார்கள். ஆனால் மண்ணீரல் போன உடம்பு சில கிருமிகளிடம் எளிதில் தோற்றுவிடும். அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகள் போட வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்க எந்தக் காய்ச்சலும் அவசரம்தான், நாய்க்கடியும்கூட. கடைசிப் பேருந்து போன பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போக வழியுள்ளவருக்கும், அந்த வழி இல்லாத கிராமத்தவருக்கும் இந்த அறுவை ஒன்றல்ல. ரிட்டுக்சிமாப் என்பது சொட்டு சொட்டாக ஏற்றும் மருந்து. இதன் இந்திய மாற்றை ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007இல் கொண்டுவந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு முதலில் பலன் தெரியும், ஐந்தாண்டு கழித்து அது நீடிப்பது நாலில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோதான். போடும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். எல்ட்ரோம்போபாக் தினசரி மாத்திரை. எலும்பு மஜ்ஜையைத் தூண்டித் தட்டணு உண்டாக்கும். பலருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஈரலைச் சோதித்துவர வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. இதில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. காலையில் மோர் ஊற்றிய கம்மங்கூழோ கேழ்வரகுக் கூழோ குடித்த கையோடு மாத்திரையும் போட்டால் காசு வீண். கூழுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, குடித்து நான்கு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டுமுன் சாப்பாட்டை விசாரிக்க வேண்டும். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மிக மலிவு. ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பலன் தருகிறது; ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இல்லையென்று சோதித்த பிறகே தர வேண்டும். பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவற்றில் சில கர்ப்பத்துக்கு ஆகாதவை.

படிக்காத நோயாளிக்கு இத்தனையும் எப்படிப் புரியும், மருத்துவரே முடிவெடுத்தால் என்ன என்று கேட்கலாம். நோயறிவது மருத்துவர் வேலை. எந்த ஆபத்தோடு வாழ முடியும் என்பது நோயாளிக்குத்தான் தெரியும். சட்டமும் இதையே சொல்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றை நோயாளி அறியும்படி சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மண்ணீரல் அறுவைக்குக் கையெழுத்துக் கேட்கும்போது மாத்திரை வழியும் உண்டு என்று சொல்லாவிட்டால், அந்தச் சம்மதம் குறையுள்ளது. ஏழைக்கு ஏது தேர்வு என்ற கேள்விதான் கனமானது. விலை உண்மையிலேயே ஒரு சுவர். ஆனால் எல்ட்ரோம்போபாக்கை இப்போது இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. பொதுப்பெயரில் எழுதித் தரும்படி கேட்கலாம். திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், தங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்று, பணம் கட்டும் முன்பே 1800 425 3993இல் கேட்டுவிட வேண்டும்.

மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க அந்தத் தாள்கள் வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா தீர்ப்பின்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். பெண்களுக்கு, வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. ஒரு குறை அரசின் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்று ரத்த நோய்களைச் சேர்த்தது, நாள்பட்ட ஐ.டி.பி.யைச் சேர்க்கவில்லை. தீவிரமாகப் பாதிக்கப்பட்டவர்களையாவது சேர்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடும் தலைவலி, வாந்தி, மயக்கம், கறுத்த மலம், நிற்காத ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கை எவ்வளவு என்று யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.