பேராக் ஏன் சூப்பர் லீக்கில் இல்லை? காற்பந்தை நம்பும் பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

ஈப்போ: சிலிபின், பூந்தோங், ஜெலாப்பாங் வட்டாரத்தில் காற்பந்து பேசும் இடங்களில் இப்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மலேசியக் கிண்ணத்தை 8 முறை வென்ற பேராக், 2025–26 சூப்பர் லீக்கில் ஏன் இல்லை? ஆட்டத்தில் தோற்றுக் கீழிறங்கியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். ஆனால் பேராக் தோற்று வெளியேறவில்லை. நிதிச் சிக்கலால் 2025-இல் லீக்கிலிருந்தே விலகியது.

இது ரசிகர்களின் வருத்தத்தோடு முடிகிற விஷயமல்ல. மாநிலக் குழுவில் ஆட வேண்டும் என்று மாலைதோறும் திடலில் ஓடும் நம் பிள்ளைகளின் பாதையும் இதனால் மாறியிருக்கிறது. லீக் எப்படி அமைக்கப்படுகிறது, அதில் ஓர் இளம் ஆட்டக்காரரின் திறன் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய பெருமை

பேராக் காற்பந்துச் சங்கத்தின் தொடக்கம் 1921. மலேசியக் கிண்ணத்தை அது வென்ற ஆண்டுகள்: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. லீக் வெற்றியாளர் பட்டம் 2002-இலும் 2003-இலும் தொடர்ந்து வந்தது.

இந்தக் குழுவில் நம்மவர்களுக்கும் இடம் இருந்தது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வி. சரவணன் பேராக்கிற்கும் தேசிய அணிக்கும் ஆடினார். கே. நந்தகுமார் நீண்ட காலம் பேராக் சட்டை அணிந்தவர். 2018 இறுதியாட்டத்தில் பேராக்கும் திரெங்கானுவும் 3–3 எனச் சமநிலை கண்டு, பினால்டியில் பேராக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தப் பருவத்துக் குழுவில் ஜே. பார்த்திபனும் டி. கென்னி பால்ராஜும் இருந்தனர்.

அடுத்த மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2021-இல், சங்கத்திற்கு 100 வயதான அதே ஆண்டில், சம்பள பாக்கிப் பிரச்சினை வெடித்தது. முக்கிய ஆட்டக்காரர்கள் வெளியேறினர். பேராக் பிரிமியர் லீக்கிற்குக் கீழிறங்கியது.

லீக் அமைப்பு எப்படி மாறியது?

நம் நாட்டில் லீக் அமைப்பு அடிக்கடி மாறி வந்திருக்கிறது. 1989-இல் இரண்டு பிரிவுகளோடு பகுதித் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994-இல் அது முழுத் தொழில்முறையானது. 2004-இல் சூப்பர் லீக், பிரிமியர் லீக் என இப்போது நமக்குப் பழக்கமான பெயர்கள் வந்தன. மேலே உள்ள பிரிவில் கடைசியாக வந்தால் கீழே இறங்க வேண்டும். கீழே முதலாக வந்தால் மேலே ஏறலாம். இதுதான் ரசிகர்கள் அறிந்த கணக்கு.

இரண்டு மாற்றங்கள் இந்தக் கணக்கைக் கலைத்தன.

முதலாவது, குழுக்கள் மாநிலச் சங்கங்களிலிருந்து பிரிக்கப்பட்டன. முன்பு மாநிலச் சங்கமே குழுவை நடத்தியது; மாநில அரசும் அதன் நிறுவனங்களும் பணம் கொடுத்தன. 2021-லிருந்து குழுக்கள் தனி நிறுவனங்களாகப் பதிவாகின. பேராக் எஃப்.ஏ. என்பது பேராக் எஃப்.சி. ஆனது இப்படித்தான். தனி நிறுவனம் என்றால் வரவும் செலவும் அதன் பொறுப்பு. உரிமையாளர் கைவிரித்தால் குழு நிற்க இடமில்லை.

இரண்டாவது, 2022 பருவத்தோடு பிரிமியர் லீக் மூடப்பட்டது. 2023-இல் சூப்பர் லீக் 14 குழுக்களாக விரிந்தது. 2022-இல் இரண்டாம் பிரிவில் ஆடிய பேராக், அங்கே முன்னணி இடம் எதையும் பிடிக்காமலேயே சூப்பர் லீக்கிற்குத் திரும்பியது இந்த விரிவாக்கத்தால்தான். அதற்குப் பிறகு சூப்பர் லீக்கிற்கு நேர் கீழே முழுத் தொழில்முறைப் பிரிவு கிடையாது. அடுத்த படியில் இருப்பது ஏ1 பகுதித் தொழில்முறை லீக்.

ஒரு குழு சூப்பர் லீக்கில் ஆட உரிமம் பெற வேண்டும். விளையாட்டு, வசதிகள், நிர்வாகம், சட்டம், நிதி என ஐந்து வகை நிபந்தனைகள் பார்க்கப்படுகின்றன. நம் குழுக்கள் பெரும்பாலும் இடறுவது நிதியில்தான். ஆட்டக்காரர் சம்பளம், ஊழியர் சேமநிதி, வருமான வரி ஆகியவற்றில் பாக்கி இருந்தால் உரிமம் கிடைப்பது கடினம். ஆகவே புள்ளிப் பட்டியலில் நடுவில் இருக்கும் குழுவும் அடுத்த பருவத்தில் காணாமல் போகலாம்.

2025-இல் நடந்தது அதுதான். பேராக், கெடா, ஸ்ரீ பகாங் ஆகிய மூன்று பெயர்களும் 2025–26 சூப்பர் லீக்கில் இல்லை. மலாக்கா, இமிகிரேஷன், கிளந்தான், புருணையின் டிபிஎம்எம் ஆகிய குழுக்கள் உள்ளே வந்தன. ஒரு குழுவில் 25 பேர் என்று வைத்தாலும், மூன்று குழுக்களில் இருந்த 75 பேர் வேறு இடம் தேட வேண்டிய நிலை.

மிஃபா ஏறிய ஏணி

இதே ஏற்ற இறக்கத்தை நம் சமூகத்தின் சொந்தக் குழுவிலும் பார்த்தோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் ஆதரவில் உருவான எம்.ஐ.எஸ்.சி.–மிஃபா குழு, எஃப்.ஏ.எம். லீக் எனப்பட்ட மூன்றாம் பிரிவிலிருந்து 2017-இல் பிரிமியர் லீக்கிற்கு ஏறியது. அதனுடன் சேர்ந்து ஏறிய இன்னொரு குழு, நம் மாநிலத்தின் பி.கே.என்.பி.

பி.கே.என்.பி. 2018-இல் சூப்பர் லீக்கைத் தொட்டது, 2019-இல் கீழிறங்கியது, பிறகு தொழில்முறை லீக்கிலிருந்தே மறைந்தது. மிஃபா குழு 2019-இல் சூப்பர் லீக்கிற்குள் நுழைந்தது. பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என மாறியது.

அந்தக் குழு செய்த ஒரு காரியத்தை நாம் மறக்கக் கூடாது. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆட முடிவு செய்தது. பயிற்றுநர் பி. மணியம். மற்ற குழுக்களில் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் காத்திருக்க வேண்டிய இளைஞர்கள் அங்கே முதல் பதினொருவரில் ஆடினர். ஆர். கோகிலேஸ்வரன், வி. ருவேந்திரன் போன்றவர்கள் தேசிய அணி வரை கவனம் பெற்றது அந்தக் காலத்தில்தான். கோகிலேஸ்வரன் 2021 டிசம்பரில் நடந்த ஆசியான் வெற்றியாளர் போட்டிக்கான மலேசியக் குழுவில் இடம்பெற்றார்.

2022 பருவம் முடிந்ததும் பெட்டாலிங் ஜெயா சிட்டி லீக்கிலிருந்து விலகியது. தோல்வி காரணமல்ல. குழு போனதோடு, உள்நாட்டு இளைஞர்களை நம்பிக் களமிறக்கிய ஒரு கதவும் மூடியது.

அமெரிக்காவிலும் இதே கதையா?

லீக் கலைவதும் சேர்வதும் நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் கல்லூரிகள் ஆடும் புட்பால் பெரும் வணிகம். அது கையால் பந்தைத் தூக்கி ஓடும் வேறு வகை ஆட்டம். அங்கே கல்லூரிகள் வட்டாரக் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. மேற்குக் கரையில் 1915-இல் தொடங்கிய பசிபிக் கூட்டமைப்பில் 12 கல்லூரிகள் இருந்தன. தொலைக்காட்சிப் பணம் அதிகம் தரும் கூட்டமைப்புகளை நோக்கி ஒவ்வொன்றாக விலகி, 2024-இல் இரண்டே கல்லூரிகள் எஞ்சின.

அங்கும் இடத்தைத் தீர்மானித்தது பணம்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இடம் மாறிய கல்லூரியின் குழு ஆட்டத்தை நிறுத்தவில்லை. மாணவன் அதே சட்டையில் வேறு எதிரியோடு ஆடினான். நம் நாட்டில் குழு விலகினால் ஆட்டக்காரர் புதுக் குழு தேடித் தெருவில் நிற்கிறார். அதனால்தான் பெற்றோர் இந்த விஷயத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

திறனை எப்படி எடை போடுவது?

"என் பையன் நல்லா ஆடுறான்" என்பது எல்லாப் பெற்றோரும் சொல்வது. தேர்வாளர்கள் பார்ப்பது வேறு. முதலில் அவர்கள் கேட்பது கோல் எண்ணிக்கையை அல்ல, எத்தனை நிமிடம் களத்தில் இருந்தான் என்பதை.

13 குழுக்கள் உள்ள லீக்கில் ஒவ்வொரு குழுவும் மற்ற 12 குழுக்களோடு இரண்டு முறை மோதினால் 24 ஆட்டங்கள். 90 நிமிடம் வீதம் 2,160 நிமிடங்கள். ஓர் இளைஞர் 10 ஆட்டங்களில் கடைசி 15 நிமிடம் மட்டும் இறங்கினால் அவர் ஆடியது 150 நிமிடம். மொத்தத்தில் அது 7 விழுக்காடு. அந்த 150 நிமிடத்தில் ஒரு கோல் அடித்தால் பத்திரிகையில் பெயர் வரும். ஆனால் 1,800 நிமிடம் ஆடி மூன்று கோல் அடித்தவரைப் பற்றித்தான் பயிற்றுநருக்கு உண்மையாகத் தெரியும்: களைத்த பிறகு எப்படி ஓடுகிறார், தவறு செய்த பின் எப்படி மீள்கிறார், மழைத் திடலில் பந்தை எப்படி அடக்குகிறார் என்பதெல்லாம்.

இந்த நிமிடங்கள்தான் இப்போது சுருங்கி வருகின்றன. 2025–26 பருவத்தில் ஒரு சூப்பர் லீக் குழு 15 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரை பதிவு செய்யலாம். குழுக்களும் குறைந்து, வெளிநாட்டவர் இடமும் கூடினால், 20 வயது உள்நாட்டு இளைஞருக்கு மிஞ்சுவது எவ்வளவு? தாக்குதல் ஆட்டக்காரர் இடத்தில் போட்டி மிகக் கடுமை, ஏனென்றால் குழுக்கள் வெளிநாட்டவரை அதிகம் எடுப்பது அந்த இடத்திற்குத்தான். இடது, வலது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடுதல். பிள்ளை எந்த இடத்தில் ஆடப் பழகுகிறான் என்பதும் ஆகவே முக்கியம்.

பெரிய குழுவில் மாற்று வரிசையில் உட்கார்ந்திருப்பதைவிட, ஏ1 லீக்கிலோ 23 வயதிற்குட்பட்டோரின் எம்.எஃப்.எல். கிண்ணத்திலோ முழு ஆட்டம் ஆடுவது ஓர் இளைஞருக்குப் பல வேளைகளில் நல்லது. ஏ1 லீக்கில் மலேசியப் பல்கலைக்கழக மாணவர் குழுவும் ஆடுகிறது. படிப்பை விடாமல் காற்பந்தில் நீடிக்க அது ஒரு வழி. 13 வயதில் திறன் தெரியும் பிள்ளைக்கு, பகாங் காம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியும் விளையாட்டுப் பள்ளிகளும் உள்ளன. அங்கே போக முதல் படி பள்ளிகளுக்கிடையிலான மாவட்ட, மாநிலப் போட்டிகள். தமிழ்ப்பள்ளியில் குழு அமைத்து அந்தப் போட்டிகளுக்கு அனுப்பும் ஆசிரியர், ஒரு பிள்ளையின் பாதையையே திறந்து விடுகிறார்.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தம் நீட்டப்படும்போது குழுவின் பெயரையும் சட்டையின் நிறத்தையும் மட்டும் பார்க்கக் கூடாது. இவற்றைக் கேளுங்கள்:

- ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனம் எது? உரிமையாளர் யார்? அடுத்த பருவத்திற்கான உரிமம் கிடைத்துவிட்டதா?

- கடந்த பருவத்தில் ஆட்டக்காரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா? அங்கே ஆடியவர்களிடம் நேரில் விசாரிப்பதே சிறந்தது.

- ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டப்படுகிறதா? சேமநிதிக் கணக்கை மாதந்தோறும் பாருங்கள். குழுவின் பணத்தட்டுப்பாடு பல வேளைகளில் முதலில் தெரியும் இடம் அதுதான்.

- 18 வயது நிரம்பாத ஆட்டக்காரரோடு மூன்று ஆண்டுக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்பது பிஃபா விதி. அதைவிட நீண்ட தாளில் கையெழுத்து வேண்டாம்.

- இரண்டு மாதச் சம்பளம் சட்டத்திற்குப் புறம்பாக நிலுவையில் இருந்தால், குழுவுக்கு எழுத்துமூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஆட்டக்காரருக்கு பிஃபா விதிப்படி உரிமை உண்டு. வாய்ச்சொல் போதாது, கடிதமும் சம்பளச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். மலேசியத் தொழில்முறை காற்பந்து ஆட்டக்காரர் சங்கமான பி.எஃப்.ஏ.எம். இத்தகைய வழக்குகளில் உதவுகிறது.

பேராக் குழு மீண்டும் உயரத்திற்கு வர வேண்டும் என்பது எல்லாருடைய ஆசையும்தான். அதற்குப் பணமும் நிர்வாகமும் தேவை. அது நம் கையில் இல்லை. தோட்டத்திலும் தாமானிலும் மிஞ்சியிருக்கும் திடலைக் காப்பது, வட்டாரக் கிண்ணப் போட்டிகளை நிறுத்தாமல் நடத்துவது, பிள்ளையின் படிப்பையும் பயிற்சியையும் சேர்த்தே கொண்டுபோவது நம் கையில் இருக்கிறது. மாநிலக் குழு இல்லாத பருவத்திலும் 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு வயது கூடத்தான் செய்யும். அவனுக்கு ஆட ஒரு திடலும் ஆட்டமும் இந்த ஆண்டே வேண்டும்.