சங்கறுக்கும் கலை

மூதூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவை நோக்குவோர், காலடியிற் சிப்பிகள் சிதறிக் கிடப்பதைக் காண்பர். மனிதன் கோடு கிழித்துப் பழகிய மிகப் பழைய பலகை இவ் வகை ஓடேயாகும். சாவகத் தீவின் திரினில் என்னுமிடத்தில் 1890களில் தூபுவா அகழ்ந்தெடுத்த நன்னீர்ச் சிப்பியொன்றில், நெளிவான கீறல்கள் இருப்பதை ஆய்வாளர் 2014இல் வெளியிட்டனர். அதன் வயது 4,30,000 ஆண்டுகளுக்குக் குறையாது! கரிய மேற்றோலைக் கீறியதும் அடியிலிருந்த வெண்மை கோடாகத் தெரிந்திருக்கும்.

சிப்பிச் சிற்பத்தின் நுட்பம் இந் நிற வேற்றுமையிலேதான் தங்கியிருக்கிறது. இத்தாலியில், நேப்பிள்சுக்கு அண்மையிலுள்ள தோரே தெல் கிரேக்கோ ஊரார், கபில அடுக்கின்மேல் வெள்ளை அடுக்குப் படிந்த பெருஞ்சங்கைத் தேர்வர். வெள்ளையில் உருவத்தைச் செதுக்கி, எஞ்சியதைச் சுரண்டிவிடக் கபிலம் பின்புலமாகி நிற்கும்.

எல்லா ஓடும் உளிக்கு இசையா. நம் தம்பலகாமக் களப்பில் 19ஆம் நூற்றாண்டில் சிறு முத்துக்காக வாரப்பட்ட தட்டைச் சிப்பி, ஒளி ஊடுருவுமளவு மெல்லியது. பிலிப்பைன் தீவினரும் கோவா மக்களும் அவ்வினச் சிப்பியைச் சாளரங்களிற் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்தனர். செதுக்கவோ அது தாங்காது.

வெண்சங்கின் செய்தி வேறு. கல்லெனத் தடித்தது; உள்ளும் புறமும் ஒரே வெண்மை. ஆதலின் அதில் நிறம் உதவாது. அறுப்பும் அராவலும் நிழலுமே அழகைத் தரவேண்டும். இத் தொழிலில் நம்மவர் ஒரு காலத்தில் வல்லவராயிருந்தனர். வேள்வி செய்யாத பார்ப்பனர் அரத்தால் அறுத்த வளையை அகநானூறு கூறுகிறது. மதுரைக் கடைவீதியிற் சங்கறுப்போரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இவை புலவர் கற்பனையல்ல. கொற்கையிலும் காயலிலும் அறுத்தெறிந்த சங்குத் துண்டுகளை, மீன்துறை அறிஞர் ஜேம்ஸ் ஹோர்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டெடுத்தார்.

கோயிலில் ஊதவும் குழந்தைக்குப் பால் புகட்டவும் சங்கை வைத்துக்கொண்ட நாம், அதை அறுக்கும் கையை எப்படியோ இழந்துவிட்டோம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மூழ்கியெடுத்த சங்கு மூட்டை மூட்டையாக வங்காளம் சென்றது. அங்கே மணமான இந்துப் பெண்ணுக்கு வெண்சங்கு வளை மங்கலச் சின்னம். டாக்காவின் சாங்காரித் தெருவில், பிறைவடிவ வாளைக் கால்களிடையே இடுக்கிய சங்கின்மேல் இரு கையாலும் இழுத்து வளையங்களை அறுத்தனர். பின்னர் உட்புறத்தைத் தேய்த்து, வெளிப்புறத்திற் பூவும் கொடியும் அராவினர். சிலவற்றிற் பள்ளங்களை அரக்கால் நிரப்பி நிறமூட்டினர். விஷ்ணுபுரத்துக் கைவினைஞரோ முழுச் சங்கிலேயே தெய்வ உருவங்களைச் செதுக்குகின்றனர்.

1971 மார்ச்சில் அச் சாங்காரித் தெரு தாக்குண்டது. பலர் மாண்டனர், பலர் இந்தியாவுக்கு ஓடினர். எனினும் தொழில் முற்றும் அழியவில்லை. பழைய வாளின் இடத்தை மின்பொறி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆனால் அங்கே அறுபடும் சங்கு இன்றும் இலங்கைக் கடலிலிருந்து செல்கிறது.