வேலூர் தொகுதி வாக்களித்த விதம், 2019
17ஆவது மக்களவைத் தேர்தலில் தமிழகம் 2019 ஏப்ரல் 18 அன்று வாக்களித்தது. வேலூர் தொகுதியில் மட்டும் அன்று மக்களவைக்கு வாக்குப்பதிவு நடக்கவில்லை. வாக்காளர்களுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகக் கருதப்பட்ட பெருந்தொகை சிக்கியதால், தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தார். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நின்றுபோனது நாட்டில் இதுவே முதல்முறை.

வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூர் சட்டமன்றத் தொகுதிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். அங்கு அதே நாளில் நடக்கவிருந்த சட்டமன்ற இடைத்தேர்தல் ரத்தாகாததால், ஆம்பூர் வாக்காளர்கள் ஏப்ரல் 18 அன்று சட்டமன்றத்துக்கு மட்டும் பொத்தானை அழுத்தினர். குடியாத்தத்திலும் இதே நிலை.

மக்களவைக்கான வாக்குப்பதிவு ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. 9ஆம் தேதி எண்ணப்பட்டது. தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 4,85,340 வாக்குகளும், அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ.சி. சண்முகம் 4,77,199 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்தவை அதைவிட அதிகம்.

அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பகுதிகள் சண்முகத்துக்கு முன்னிலை தந்தன. வேலூர் நகரமும், தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூரும் வாணியம்பாடியும் மறுபக்கம் நின்றன. முடிவைத் தீர்மானித்ததில் வாணியம்பாடியின் பங்கே பெரிது.

அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த ஆம்பூர், அதே ஆண்டு நவம்பரில் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மக்களவைக்கு இன்றும் வேலூர் தொகுதியிலேயே வாக்களிக்கிறது.