அந்தமான் பேக்கேஜ் புக் பண்ணும் முன் எல்டிஏ கணக்கைப் பாருங்க

டிசம்பர் லீவுக்கு அந்தமானா, பாலியா என்று யோசிக்கிறீங்களா? 2022-25 எல்டிஏ பிளாக் 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சதுங்க.

நான்கு காலண்டர் வருஷத்துக்கு இரண்டு பயணம், அதுவும் இந்தியாவுக்குள்ளே மட்டும். அதனால பாலிக்கு எல்டிஏ கிடையாது. அந்தமான் நம்ம நாடு, தாராளமா கிளெய்ம் பண்ணலாம். ஒரு பயணத்தை மட்டும் 2026-க்குக் கொண்டுபோகலாம்.

ஆனால் விலக்கு டிக்கெட்டுக்குத்தான். கோயம்புத்தூர்ல இருந்து குறுகிய வழியில் போர்ட் பிளேர் போய்வர எகானமி கிளாஸ் கட்டணம். ஓட்டல், சாப்பாடு, ஸ்கூபா எதுவும் சேராது. உதாரணமா, கணவன் மனைவிக்கு பேக்கேஜ் 84,000 ரூபாய், அதில் விமான டிக்கெட் 38,000 என்று வைங்க. கம்பெனி கொடுத்த எல்டிஏ 30,000 என்றால் விலக்கு 30,000. 20% ஸ்லாபில் செஸ்ஸோட மிச்சம் 6,240 ரூபாய்.

இது பழைய ரெஜிமில் இருப்பவங்களுக்கு மட்டும். புது ரெஜிமில் எல்டிஏ விலக்கு இல்லை. சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ள இருந்தா அங்க வரியே வராது. இந்த ஆறாயிரத்துக்காக ரெஜிம் மாத்தாதீங்க.

பாலிதான் வேணும் என்றால், ஃபாரின் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிப்பாங்க; 2025-26ல் 10 லட்சம் வரை 5% ஆக இருந்தது. அது செலவு இல்லைங்க, உங்க வரியில் கழியும். அதுக்கான படிவம் கொடுத்தா ஹெச்ஆர் சம்பள டிடிஎஸ்ஸிலேயே சரிபண்ணிடுவாங்க.

அந்தமானில் டூர் ஆபரேட்டர் தேவையா? கடற்கரை மட்டும் என்றால் தேவையில்லை என்பது என் கருத்து. பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு வேணும். ஜாரவா பழங்குடிகளோட காட்டு வழியே வண்டிகள் கான்வாயாத்தான் போகணும். நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் அலையாத்திக் காட்டுக்குள் படகு, கடைசியில் நடை. விடிகாலை கான்வாய் போயிடுச்சுன்னா அன்னைக்கு பிளானே மாறிடும். இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பேரன் தீவைக் காட்டுறோம்னு சொன்னா, அது கடலில் இருந்து பார்ப்பது மட்டும். கரையில் இறங்க விடமாட்டாங்க. காசு கட்டும் முன் கேட்டுக்குங்க.

முக்கியமா பில். 'பேக்கேஜ் 84,000' என்று ஒரே வரியில் கொடுத்தா ஹெச்ஆர் திருப்பி அனுப்பிடுவாங்க. விமானக் கட்டணத்தைத் தனியா போட்டுத் தரச் சொல்லுங்க. போர்டிங் பாஸையும் லீவு அப்ரூவல் மெயிலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைங்க.